காகிதத்தில் எங்கே சொடுக்குவது?

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தேர்வு அறிவிப்பைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்தாள். நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தின் நடுவில், ‘பாடத்திட்டத்துக்கு இங்கே சொடுக்கவும்’ என்று ஒரு வரி. அடியில் கோடு. திரையில் நீலமாக இருந்திருக்கும். கறுப்பு வெள்ளை அச்சில் வெளிறிய சாம்பலாகியிருந்தது. அதன்மேல் விரலை வைத்து அழுத்திவிட்டு, “மாமா, ஒண்ணும் திறக்கலையே” என்றாள். இருவரும் சிரித்தோம். ஆனால் பாடத்திட்டம் கையில் இல்லை என்பது சிரிப்புக்குப் பிறகும் மாறவில்லை. அது இருந்த முகவரி, கணினியிலிருந்து காகிதத்துக்கு வரும் வழியில் உதிர்ந்துவிட்டது.

எப்படி உதிர்ந்தது? ‘இணைப்பு’ என்று நாம் சொல்வதில் இரண்டு சரக்குகள் இருக்கின்றன. ஒன்று, கண்ணுக்குத் தெரியும் எழுத்து. மற்றொன்று, அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முகவரி. திரையில் முகவரியை ஒளித்துவைக்க இடம் உண்டு. காகிதத்துக்கு முன்பக்கம் மட்டும்தான். ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவந்து எழுதினால் பிழைக்கும், இல்லாவிட்டால் போயிற்று.

கொஞ்சம் யோசித்தால் இது சின்ன விஷயமில்லை. எழுதுகிறவருக்குத் தன் எழுத்து எங்கே படிக்கப்படும் என்று தெரியாது. கைப்பேசியிலா, அச்சிலா, நிறமே இல்லாத கறுப்புத் திரையிலா? ஒரே மூலத்திலிருந்து இவை எல்லாவற்றுக்கும் பக்கங்கள் தயாராக வேண்டுமென்றால், இணைப்பு எங்கெங்கே எப்படித் தோன்ற வேண்டும் என்பதை யார், எப்போது முடிவு செய்வது? இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டுக்கு மேலாக மல்லுக்கட்டி வருகிறவர்கள், கணினிக் கையேடுகளைத் தயாரிப்பவர்கள்.

லினக்ஸ் கணினி வைத்திருப்பவர்களுக்கு ‘மேன்’ என்ற கட்டளை தெரிந்திருக்கும். மேனுவல் என்பதன் முதல் அசை. மேன் என்று தட்டி, பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டளையின் பெயரைக் கொடுத்தால், அதைப் பற்றிய கையேட்டுப் பக்கம் திரையில் விரியும். அழகெல்லாம் கிடையாது. பெயர், பயன்படுத்தும் முறை, விளக்கம், தெரிந்த கோளாறுகள், கடைசியில் ‘இவற்றையும் காண்க’ என்று ஒரு பட்டியல். இந்த வடிவத்துக்குப் பிறந்த தேதியே உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு வந்தது. அப்போது அது முழுக்க முழுக்கக் காகிதம்.

காகிதத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்ட நமக்குப் பழகிய முறை ‘பக்கம் 47 காண்க’ என்பது. யூனிக்ஸ்காரர்கள் அதைத் தொடவில்லை. அவர்களுடைய மென்பொருள் வாரத்துக்கு வாரம் வளர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு புதுக் கட்டளை முளைத்தால் பின்னால் உள்ள பக்க எண்கள் அத்தனையும் நகர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டளையின் பதிவும் தனித்தனியாக 1 என்று தொடங்கிப் பக்க எண் பெற்றது. பதிவுகள் அகர வரிசையில் நின்றன. புதிதாக ஒன்று வந்தால் கோப்பைத் திறந்து சரியான இடத்தில் செருகிவிட்டால் போதும். இப்படி ஒரு புத்தகத்தில் ‘47-ஆம் பக்கம்’ என்ற ஒன்றே கிடையாது. சுட்ட வேண்டுமானால் பெயர் சொல்லித்தான் சுட்ட வேண்டும்.

பெயர் மட்டும் போதவில்லை. பிரின்ட்எஃப் என்று ஒரு கட்டளை இருக்கிறது. சி மொழியில் அதே பெயரில் ஒரு செயற்கூறும் இருக்கிறது. ஊரில் இரண்டு முருகேசன் இருந்தால் ‘மேலத்தெரு முருகேசன்’ என்போமே, அதுபோலப் பிரிவு எண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் பிரிவு கட்டளைகளுக்கு, மூன்றாவது செயற்கூறுகளுக்கு, ஐந்தாவது கோப்புகளின் அமைப்புக்கு. பிரின்ட்எஃப்(1) ஒருவர், பிரின்ட்எஃப்(3) வேறொருவர். தொடக்க காலப் பதிப்புகளில் ரோமன் எண்ணாக இருந்தது பிறகு சாதாரண எண்ணாகியது. பெயரும் அடைப்புக்குள் ஓர் எண்ணுமாக இன்றும் கையேடுகளில் நீங்கள் பார்ப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. கணினித் துறையில் இத்தனை காலம் தாக்குப்பிடித்த குறியீடுகள் சொற்பம்.

நமக்கு இது புதிதல்ல. ‘குறள் 391’ என்று எழுதினால், உங்களிடம் எந்தப் பதிப்பகத்தின் புத்தகம் இருந்தாலும் எடுத்துவிடுவீர்கள். (பரிமேலழகர் வைத்த வரிசையும் மணக்குடவர் வைத்த வரிசையும் அதிகாரத்துக்குள் வேறுபடும் என்று தமிழாசிரியர்கள் என்னைத் திருத்துவார்கள், அதுவும் இந்தக் கட்டுரைக்கு உறவான சிக்கல்தான், பின்னால் வருகிறேன்.) ‘இந்தப் பதிப்பில் பக்கம் 112’ என்பது முகவரி. ‘குறள் 391’ என்பது பெயர். பெயரைத் தந்துவிட்டால், முகவரியைக் கண்டுபிடிப்பது படிக்கிறவர் இருக்கும் இடத்தைப் பொறுத்த வேலை. இனி வரும் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் நிற்கின்றன.

காகிதம் திரையானது, திரை வலைப்பக்கமானது. வலைப்பக்கத்தில் ‘கிரான்டேப்(5) காண்க’ என்று இருந்தால் அதைச் சொடுக்கத்தானே தோன்றும்? அதற்கு அந்தச் சொல் ஒரு சுட்டு என்பது கணினிக்குத் தெரிய வேண்டும். இங்கேதான் பழைய பக்கங்கள் காலை வாரிவிட்டன.

இந்தப் பக்கங்களின் மூலக்கோப்பு எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துவிடுவோம். புள்ளியில் தொடங்கும் வரிகள் ஆணைகள். மற்றவை படிப்பதற்கான எழுத்து. 1964-இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் என்ற நிரலிலிருந்து வந்த வழக்கம் இது. அந்தக் கால்வழியில் வந்தவைதான் ராஃப், டிராஃப், இன்றைய குரோஃப் எல்லாம். மூலக்கோப்பை வாங்கிப் படிக்கத் தகுந்த பக்கமாக மாற்றித் தரும் நிரலை வடிவமைப்பி என்று சொல்லலாம். 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸுக்காக டக் மெக்கில்ராய் கையேடுகளுக்கென்றே ஒரு மேக்ரோத் தொகுப்பு செய்தார். மேக்ரோ என்பது பல ஆணைகளை ஒரே பெயரில் கட்டிவைத்த மூட்டை. அந்தத் தொகுப்பில் கிரான்டேப்(5) என்று சுட்ட, லினக்ஸ் உலகில் வழக்கமாக எழுதும் வரி இது:

.பிஆர் கிரான்டேப் (5)

பிஆர் என்பது தடித்த எழுத்து, சாதாரண எழுத்து என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள். முதல் சொல்லைத் தடிமனாகவும் அடுத்ததைச் சாதாரணமாகவும் இடைவெளி விடாமல் அச்சிடு என்பதுதான் இதன் முழுப் பொருள். சுட்டு, இணைப்பு என்ற பேச்சே இதில் இல்லை. எழுதியவர் மனதில் ‘இது இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது’ என்று இருந்தது. கோப்பில் இறங்கியது ‘தடிமன்’ மட்டும்.

அரைத்து வைத்த மாவு பாத்திரத்தில் இருக்கும்வரை அது எதுவாகவும் ஆகலாம். தட்டில் ஊற்றினால் இட்லி, கல்லில் ஊற்றினால் தோசை, குழியில் ஊற்றினால் பணியாரம். தோசையைத் திரும்ப மாவாக்க முடியாது. பொருளை எழுதிவைப்பது மாவை வைத்திருப்பது. தோற்றத்தை மட்டும் எழுதிவைப்பது தோசையாக வார்த்து அடுக்கி வைப்பது. பிற்காலத்தில் யாராவது இட்லி கேட்டால் என்ன செய்வது?

செய்தார்கள், ஊகித்து. பழைய பக்கங்களை வலைப்பக்கமாக மாற்றும் பல கருவிகள், ‘ஒரு சொல், அதை ஒட்டி அடைப்புக்குள் ஓர் எண்’ என்ற கோலத்தைக் கண்ட இடமெல்லாம் இணைப்பு போட்டன. பெரும்பாலும் சரியாகவே வரும். வராத இடம்தான் சுவாரஸ்யம். சி மொழியில் ஒரு நிரலை ‘தோல்வி’ என்ற குறியோடு முடிக்க எக்ஸிட்(1) என்று எழுதுவார்கள். அங்கே 1 என்பது கையேட்டின் பிரிவு எண் அல்ல. திருப்பி அனுப்பும் மதிப்பு. கருவிக்கு அது எப்படித் தெரியும்? முதல் பிரிவில் உள்ள எக்ஸிட் என்ற பக்கத்துக்கு இணைப்பு போட்டுவிடும். சொடுக்கினால் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அப்படி ஒரு பக்கமே இருக்காது.

இதைவிட மோசமானது எக்ஸிட்(3). அது உண்மையிலேயே ஒரு கையேட்டுப் பக்கம். அந்தச் செயற்கூறைப் பற்றியதே. அதே எழுத்துகள் ‘3 என்ற மதிப்போடு முடி’ என்ற நிரல் வரியாகவும் இருக்கலாம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும். மனிதர் வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்வார். கோலத்தை மட்டும் பார்க்கும் கருவிக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. தடித்த எழுத்தில் இருந்தால் மட்டும் இணைப்பு போடு, அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு என்று நிபந்தனைகள் சேர்க்கலாம், பிழை குறையும். ஒழியாது. மூலத்திலேயே இல்லாத தகவலை எந்தச் சாமர்த்தியமும் முழுமையாக மீட்டுத் தராது.

ஆகவே மாவிலேயே கை வைக்க வேண்டியதாயிற்று. 1980-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், பிஎஸ்டி யூனிக்ஸுக்காக சிந்தியா லிவிங்ஸ்டன் எம்டாக் என்ற புதுத் தொகுப்பை உருவாக்கினார். அதில் அதே சுட்டு இப்படி:

.எக்ஸ்ஆர் கிரான்டேப் 5

பார்க்க ஓரெழுத்து வித்தியாசம்போல இருக்கும். எக்ஸ்ஆர் என்றால் குறுக்குச் சுட்டு. தடிமனா சாய்வா என்று இந்த வரி சொல்லவே இல்லை. அடைப்புக்குறிகூட இல்லை, கவனித்தீர்களா? பெயர் ஒன்று, பிரிவு ஒன்று, அவ்வளவே. முன்னதைத் தோற்றக்குறி என்றும் இதைப் பொருட்குறி என்றும் அழைக்கலாம். பொருட்குறி இருக்கும் கோப்பில், அடைப்புக்குறி போடுவது, தடிமனாக்குவது, இணைப்பாக்குவது எல்லாமே கடைசி நிமிடத்தில் வடிவமைப்பி செய்யும் வேலை. கடைசி நிமிடத்தில் செய்யப்படுவதால்தான் அதை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளவும் முடிகிறது.

எப்படி அமைப்பது என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் மேன்டாக் என்ற நிரல். கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸ் 2008-இல் தொடங்கியது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் கையேடுகளை இதுதான் வடிவமைக்கிறது. வலைப்பக்கமாக மாற்றும்போது இதனிடம் ஒரு வார்ப்புருவைக் கொடுக்கலாம். வார்ப்புரு என்றால், கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் மணமகன் பெயர், மணமகள் பெயர் என்று இடம் விட்டு வைத்திருப்பார்களே, அதுதான். இங்கே காலியிடங்கள் இரண்டு: பெயருக்கு ஒன்று, பிரிவுக்கு ஒன்று. உண்மையில் சதவீதக் குறியோடு என், எஸ் என்ற ஆங்கில எழுத்துகளைப் போடுவார்கள்; புரிவதற்காக நான் %பெயர், %பிரிவு என்று எழுதுகிறேன். உங்கள் வார்ப்புரு இது என்று வைத்துக்கொள்வோம்:

கையேடு/%பெயர்.%பிரிவு.எச்டிஎம்எல்

மூலத்தில் எக்ஸ்ஆர் வரி வரும் ஒவ்வொரு முறையும் மேன்டாக் இந்தக் காலியிடங்களை நிரப்பும். கிரான்டேப்பும் 5-உம் வந்தால் ‘கையேடு/கிரான்டேப்.5.எச்டிஎம்எல்’ என்ற முகவரிக்கு இணைப்பு தயார். நாளைக்கு உங்கள் தளத்தின் அடைவுகளை மாற்றி, பிரிவு எண்ணை முன்னால் வைக்க நினைத்தால், பல்லாயிரம் பக்கங்களைத் தொட வேண்டாம். வார்ப்புருவில் ஒரு வரியை மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டினால் போதும்.

இதில் இரண்டு நுணுக்கங்களை ரசித்தேன். வார்ப்புரு எதுவும் தராவிட்டால் மேன்டாக் இணைப்பே போடாது. பெயரையும் எண்ணையும் எழுத்தாகக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். தெரியாத முகவரியை இட்டுக்கட்டும் பழக்கம் அதற்கு இல்லை. இரண்டாவது, விரும்பினால் இரண்டு வார்ப்புருக்களைத் தரலாம். முதலாவதன்படி கிடைக்கும் கோப்பு பக்கத்திலேயே இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதற்கு இணைப்பு, இல்லாவிட்டால் இரண்டாவதன்படி வெளித்தளம் ஒன்றுக்கு இணைப்பு. வீட்டில் இருக்கிறதா பார், இல்லையென்றால் கடைக்குப் போ என்பது மாதிரி.

இது சோம்பேறித்தனத்துக்கான வசதி இல்லை. மணக்குடவர் விஷயத்துக்கு வருகிறேன் என்றேனே, அது இதுதான். கிரான்டேப்(5) என்ற ஒரே பெயரில் உங்கள் கணினியில் இருக்கும் பக்கமும் வலையில் இருக்கும் பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரான் என்ற மென்பொருளையே வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு விதமாக எழுதியிருக்கின்றன. ஒன்றில் உள்ள வசதி மற்றொன்றில் இருக்காது. டெபியன் லினக்ஸின் கையேட்டுத் தளம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனித்தனிப் பக்கங்களை வைத்திருப்பது அதனால்தான். பெயர் ஒன்றுதான், எந்த முகவரியை வார்ப்புருவில் வைக்கிறீர்கள் என்பது, வாசகர் எந்தப் பதிப்பைப் படிப்பார் என்பதை முடிவு செய்துவிடுகிறது. பழைய மென்பொருளை ஓட்டுகிறவரிடம் புதிய கையேட்டைத் திறந்து காட்டினால், இல்லாத வசதியைத் தேடி அவர் ஒரு மாலைப் பொழுதைத் தொலைப்பார். தொலைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மேன்டாக் மட்டும் இப்படி இல்லை. பைதான் உலகில் பரவலாகப் புழங்கும் ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவியிலும் கையேட்டுப் பக்கங்களுக்கான முகவரி வார்ப்புரு ஒன்றை அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கலாம். பெர்ல் மொழியின் ஆவணங்களை வலைப்பக்கமாக்கும் பாட் சிம்பிள் என்ற தொகுப்பில், பெயருக்கு முன்னால் ஒட்ட வேண்டியது என்ன என்று தனியே கொடுக்கலாம். அந்த முன்னொட்டின் கதை கேட்கத் தகுந்தது. பெர்ல் தொகுதிகளின் ஆவணங்களை ஆண்டுக்கணக்காகத் தாங்கி வந்த தேடல் தளம், சர்ச் சிபான் என்பது, 2018-இல் மூடப்பட்டது. அங்கே போகிறவர்களை மெட்டாசிபான் என்ற தளத்துக்குத் திருப்பிவிட்டார்கள். இன்று பாட் சிம்பிளின் இயல்பு முன்னொட்டும் மெட்டாசிபான் முகவரிதான். பழைய முகவரியை முழு நீளத்தில் கையால் எழுதியவர்கள், திருப்பிவிடும் ஏற்பாடு நீடிக்கும்வரை அதன் தயவில் வாழ வேண்டியதுதான். தொகுதியின் பெயரை மட்டும் எழுதியவர்களுக்கு மூலத்தில் திருத்த எதுவும் இருக்கவில்லை.

இதுவரை பேசியது வீட்டுக்குள்ளான சுட்டுகள். வெளியே உள்ள வலைத்தள முகவரிகளை என்ன செய்வது? கறுப்புத் திரைக்கும் காகிதத்துக்கும் போகும் பக்கத்தில் அவற்றை எங்கே வைப்பது? பக்கத்து வீட்டுப் பெண்ணின் சிக்கல் இதுதான். ஆளுக்கொரு தீர்வு வைத்திருக்கிறார்கள்.

பெர்ல் ஆவணங்களைக் கையேட்டுப் பக்கமாக மாற்றும் பாட் மேன், இணைப்பின் எழுத்தை அச்சிட்டு, உடனே கோண அடைப்புக்குள் முகவரியையும் அச்சிடும். முகவரிகள் நீளமாகி வாக்கியம் மூச்சுத் திணறினால், அவற்றை மறைக்க ஒரு தேர்வும் தந்திருக்கிறார்கள். டாக்புக் என்ற முறை வேறு வழியில் போகிறது. இணைப்பு வரும் இடத்தில் சதுர அடைப்புக்குள் 1, 2 என்று எண் போட்டு, முகவரிகளைப் பக்கத்தின் கடைசியில் ‘குறிப்புகள்’ என்று தொகுத்துவிடும். இந்த எண்கள் வேண்டாமென்றாலும் அணைக்கலாம். கிட் என்ற மென்பொருளின் கையேட்டுப் பக்கங்களில் இதைப் பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரை படித்துப் பழகியவர்களுக்கு இது வசதி. எனக்கென்னவோ, திரையில் படிக்கும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் கடைசிவரை உருட்டிப் போய்த் திரும்புவது எரிச்சல். காகிதத்தில் மட்டும் இதுவே சிறந்தது.

கிட் கையேடுகளைத் தயாரிப்பவர்கள் இன்னொரு குழியையும் தாண்ட வேண்டியிருந்தது. அவர்களுடைய மூலத்தில் சில இணைப்புகள் முழு முகவரியாக இல்லாமல், ‘இதே அடைவில் உள்ள இன்னொரு கோப்பு’ என்ற அளவில் நிற்கும். இதைச் சார்பு முகவரி என்பார்கள். வலைப்பக்கத்தில் சிக்கலே இல்லை. உலாவிக்குத் தான் எந்த அடைவில் நிற்கிறோம் என்று தெரியும். கையேட்டுப் பக்கமாக அச்சாகும்போது ‘இதே அடைவு’ என்பதற்கு அர்த்தம் போய்விடும். ‘அடுத்த தெருவில்தான் மண்டபம்’ என்று பத்திரிகையில் அச்சிட்டு அதை சிங்கப்பூருக்குத் தபாலில் அனுப்பியது மாதிரி. ஆகவே பக்கங்களை உருவாக்கும்போது ‘அடிப்படை முகவரி இது’ என்று ஓர் அமைப்பு மாறியில் சொல்லிவிட்டால், சார்பு முகவரிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் அது ஒட்டிக்கொள்ளும்.

கறுப்புத் திரை என்று அடிக்கடி சொல்கிறேன். அதன் பெயர் டெர்மினல். முனையம் என்று தமிழில் எழுதுகிறார்கள். அங்கே ஒளித்துவைக்கவே முடியாது என்ற நிலை 2017-இல் மாறியது. குநோம் டெர்மினலும் மேக் கணினிகளில் ஓடும் ஐடெர்ம்2-உம் ஒரு புது உடன்பாட்டை ஏற்றுக்கொண்டன. எழுத்தை அனுப்பும் முன், ‘இனி வரும் எழுத்தின் பின்னால் இந்த முகவரி இருக்கிறது’ என்று முனையத்திடம் ஒரு ரகசியத் தொடரைச் சொல்வது. எழுத்து முடிந்ததும் முகவரியின் இடத்தைக் காலியாக விட்டு அதே தொடரைச் சொல்லி முடிப்பது. அந்தத் தொடரில் 8 என்ற எண் வருவதால் ஓஎஸ்சி 8 என்று பெயர்.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். அப்படி ஓர் இணைப்புள்ள வெளியீட்டைக் கோப்பில் சேமித்து, மறை எழுத்துகளையும் காட்டும்படி கேட் என்ற கட்டளையால் திறந்தால், எஸ்கேப் குறி, வலது சதுர அடைப்பு, 8, இரண்டு அரைப்புள்ளிகள், முகவரி, முடிப்புக் குறி என்று வரிசையாக நிற்கும். அதன் பிறகு நாம் படிக்கும் சொல். பின்னர் அதே தொடர் மீண்டும், நடுவில் முகவரி இல்லாமல். திறந்த கதவும் மூடிய கதவும். இந்த உடன்பாட்டை அறியாத முனையங்களில் பெரும்பாலானவை இவற்றை விழுங்கிவிட்டுச் சொல்லை மட்டும் காட்டும். சில பழையவை குப்பையாகக் கொட்டும். ஆபத்தும் இல்லாமலில்லை. தெரியும் எழுத்து ஒன்று, போகும் இடம் வேறு என்று ஏமாற்ற வழி பிறந்துவிட்டது. சுட்டியை மேலே கொண்டுபோனதும் உண்மை முகவரியை முனையம் காட்ட வேண்டியிருப்பது அதனால்தான்.

குரோஃப் இந்த வசதியைச் சேர்த்துக்கொண்டது 2023-இல் வந்த 1.23 பதிப்பில். அதே பதிப்பில்தான், பழைய மேன் தொகுப்பிலும் கடைசியாக ஒரு பொருட்குறி நுழைந்தது: எம்ஆர். ‘.எம்ஆர் கிரான்டேப் 5’ என்று எழுதினால் போதும். பெயர் தடிமனாக வேண்டுமா சாய்வாக வேண்டுமா என்று ஆண்டுக்கணக்காக நடந்த சண்டையும் அதோடு எழுத்தாளர் கையைவிட்டுப் போனது. கணினியின் நிர்வாகி ஓர் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் அதைத் தீர்த்துவிடலாம். இணைப்புகளே வேண்டாமென்று அணைத்தால், ஒளிந்திருந்த வலை முகவரிகள் எழுத்தாக வெளியே வந்து நிற்கும். அச்சிடப் போகிறவருக்கு வேண்டியது அதுவே.

1971-இல் தொடங்கிய கையேட்டுக்கு இது 2023-இல்தானா வர வேண்டும்? காரணம் இருக்கிறது. ராஃப் குடும்பத்து வடிவமைப்பிகள் தமக்குத் தெரியாத ஆணையைக் கண்டால் சத்தமில்லாமல் அந்த வரியையே விட்டுவிடும். புது எம்ஆர் வரியைப் பழைய கணினியில் படித்தால் இணைப்பு மட்டும் போகாது. கிரான்டேப் என்ற சொல்லே வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடும். ‘இவற்றையும் காண்க’ என்ற தலைப்பின் கீழே வெற்றிடம். தோசையாக வார்த்து வைத்தது குறைந்தபட்சம் பசிக்கு உதவியது. புதுப் பாத்திரத்து மாவைப் பழைய அடுப்பு கீழே கொட்டிவிட்டது. அந்தப் பயத்தில்தான் பலரும் தயங்கினார்கள். நானாக இருந்தாலும் தயங்கியிருப்பேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அன்று மாலையே பாடத்திட்டம் கிடைத்தது, அவளே கைப்பேசியில் தேடி எடுத்தாள். ஆனால் அந்த வரியில் இருந்தது ‘இங்கே’ என்ற சொல் மட்டும். எதைத் தேடுவது என்று அதில் இல்லை. முதல் பக்கத்துத் தலைப்பிலிருந்து தேர்வின் பெயரையும் ஆண்டையும் அவளாகக் கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அறிவிப்பு தயாரிக்கும் வேலையில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதாதீர்கள். ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி, அந்தப் பெயரின் மேலேயே இணைப்பை வையுங்கள். முடிந்தால் பக்கத்தில் முகவரியையும் அச்சிடுங்கள்.